செப்பு ஏன் நிறம் மாறுகிறது? பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். சாதாரண தரம் எழுதவிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் நாம் வருடா வருடம் ஒரு விடயத்தைப் பார்க்கிறோம். பிள்ளைகள் நிறங்களைப் பாடமாக்குகிறார்கள். செப்பு சல்பேற்று நீலம். சூடாக்கினால் வெள்ளை. அமோனியா விட்டால் கடும் நீலம். பெனடிக்ட் கரைசலோடு குளுக்கோசைச் சூடாக்கினால் செங்கட்டிச் சிவப்பு. கொப்பியில் அட்டவணை போட்டு, இரவிரவாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "சேர், நீலமா வெள்ளையா முதல்ல வாற?" என்று நம்மிடமே திருப்பிக் கேட்கிறார்கள்.

எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது, "ஏன் சேர் கலர் மாறுது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதினோராம் தரப் புத்தகத்தில் முழுப் பதில் இல்லை. உயர் தரத்துக்குப் போனால்தான் வரும். ஆனால் நமதூரில் எத்தனை பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆகவே அந்தப் பதிலை எல்லாருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறோம். பதில் அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். செப்பு நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. மூதூரிலிருந்து கிளிவெட்டி தாண்டி சேருநுவரப் பக்கம் போகிறோமே, அந்தச் சேருவிலப் பகுதியில் நிலத்துக்கடியில் செப்புத் தாது இருக்கிறது. 1971 இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அதைக் கண்டறிந்தது. காந்தத்தில் ஒட்டும் மக்னற்றைற்று என்ற இரும்புத் தாதுவோடு கலந்து அது கிடக்கிறது. பழைய காலத்தில் அந்தச் சுற்றாடலில் செப்பு எடுத்தவர்களைப் பற்றி தொல்லியலாளர் பேராசிரியர் சுதர்சன் செனவிரத்ன ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். இலங்கையில் செப்புத் தாது என்றாலே புவியியல் படித்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் சேருவில. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தத் தாதுவின் பெயர் சல்கோபைரைற்று. செப்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. பார்த்தால் பித்தளை போல மஞ்சளாக மின்னும். செப்புத் தாது நீண்ட காலம் காற்றும் மழைநீரும் பட்டுக் கிடந்தால் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அதே செப்பை உருக்கிப் பிரித்தெடுத்தால் செம்மண் நிறம். ஒரே மூலகம், மூன்று நான்கு நிறம்.

வீட்டிலும் இதைப் பார்த்திருக்கிறோம். மூத்தம்மாமார் காலத்துப் படிக்கம், வெற்றிலை வட்டா, தண்ணீர்ச் செம்பு எல்லாம் அலுமாரிக்கு மேல் கிடந்து பச்சை பிடித்திருக்கும். அதைத்தான் களிம்பு என்கிறோம். பெருநாளைக்கு முதல் நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது, அடியில் இருக்கும் உலோகம் திரும்பவும் மின்னுகிறது. கடற்கரை ஊரில் களிம்பு கெதியாகப் பிடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. காற்றில் ஈரமும் உப்பும் அதிகம், உப்பின் குளோரைட்டு செப்போடு சேர்ந்து பச்சைச் சேர்வைகளை உண்டாக்கும். நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திரதேவி சிலையும் செப்புத் தகட்டால் செய்ததுதான். 1886 இல் திறந்தபோது அதன் நிறம் செம்பு நிறம். கடற்காற்றில் நின்று நின்றுதான் இன்றைய பச்சைக்கு வந்தது.

சரி, ஏன்?

ஒரு பொருளின் நிறம் என்பது அது விழுங்காமல் விட்ட ஒளி. சூரிய ஒளியில் வானவில்லின் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. செப்பு சல்பேற்றுக் கரைசல் அதில் சிவப்புப் பக்கத்தை விழுங்கிவிடுகிறது. மிச்சம் நமது கண்ணுக்கு வருகிறது. சிவப்புக் குறைந்த வெள்ளொளி நமக்கு நீலமாகத் தெரிகிறது. ஆகவே "ஏன் நீலம்?" என்று கேட்பதை விட, "ஏன் சிவப்பை விழுங்குகிறது?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

இதற்கு ஐந்து அறைகள் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறையில் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கலாம். மொத்தம் பத்து இடம். செப்பு அயனின் வெளிப்பக்கத்தில் இப்படி ஐந்து அறைகள் உண்டு. நாம் கரைசலில் காணும் செப்பு அயனில் அந்த அறைகளில் ஒன்பது இலத்திரன்கள் இருக்கின்றன. ஒரு இடம் வெறுமை.

செப்பு அயன் தனியாக நின்றால் ஐந்து அறையும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆனால் அது தனியாக நிற்பதில்லை. தண்ணீரில் போட்டதும் நீர் மூலக்கூறுகள் வந்து அதைச் சுற்றி நின்றுகொள்கின்றன. அவை வந்து நெருக்கும்போது அறைகளின் மட்டம் கலைகிறது. மூன்று அறை கீழே, இரண்டு அறை மேலே. வெறுமையான இடம் மேல்மாடியில். கீழே இருக்கும் ஒரு இலத்திரன் மேலே ஏறி அந்த இடத்தில் இருக்க வேண்டுமென்றால் அதற்குச் சக்தி தேவை, அந்தப் படியின் உயரத்துக்குச் சரியான அளவுச் சக்தி. நீர் சுற்றி நிற்கும்போது அந்த அளவு சிவப்பு ஒளியின் பக்கத்தில் வந்து விழுகிறது. இலத்திரன் சிவப்பை வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறது, நமக்கு நீலம் மிஞ்சுகிறது.

இவ்வளவுதான் விடயம். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் இடையிலான உயரத்தைத் தீர்மானிப்பது சுற்றி நிற்பவர்கள். ஆட்கள் மாறினால் உயரம் மாறும், உயரம் மாறினால் விழுங்கும் ஒளி மாறும், விழுங்கும் ஒளி மாறினால் நிறம் மாறும். உலோக அயனைச் சுற்றி மற்றவை ஒழுங்காக அமர்ந்து நிற்கின்றன என்பதை விளக்கிய அல்பிரட் வேர்னர் என்ற சுவிஸ் இரசாயனவியலாளருக்கு 1913 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அறைகளின் மட்டம் பிரிகிறது என்ற கணக்கை 1929 இல் ஹான்ஸ் பெத்தே என்ற பௌதிகவியலாளர் போட்டார்.

இனி அட்டவணையைத் திரும்ப எடுங்கள்.

நீலப் பளிங்கைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்குகிறோம். குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளி படிகிறது, அடியில் வெள்ளைத் தூள் மிஞ்சுகிறது. காய்ந்த பளிங்குதானே, தண்ணீர் எங்கிருந்து வந்தது? 100 கிராம் நீலப் பளிங்கில் ஏறத்தாழ 36 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சுற்றி நின்ற நீர் போனதும் சல்பேற்று மட்டும் மிஞ்சுகிறது. அது நெருக்குவது குறைவு, படியின் உயரமும் குறைகிறது. ஏறுவதற்கு இப்போது சிவப்பு ஒளி தேவையில்லை, அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரே போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் விழுங்காததால் தூள் வெள்ளையாகத் தெரிகிறது. செப்பு அங்கேயேதான் இருக்கிறது, அதில் ஒரு அணுவும் குறையவில்லை.

அந்த வெள்ளைத் தூளில் ஒரு துளி தண்ணீர் விட்டால் உடனே நீலம் திரும்பும், குழாயும் சுடும். தண்ணீரைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தலாம். நமது மீனவர்கள் எஞ்சினுக்கு விடும் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும் என்பது கொட்டியாரக் குடாவில் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். நல்ல மண்ணெண்ணெயை இந்த வெள்ளைத் தூளில் விட்டால் நிறம் மாறாது. தண்ணீர் இருந்தால் நீலம் காட்டும். வெள்ளையும் நீலமும் பரீட்சைக்கு வரும் இரண்டு சொற்கள் மட்டுமல்ல என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது.

அடுத்தது அமோனியா. நீலக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் முதலில் வெளிர் நீலத்தில் ஒரு வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் அது கரைந்து கடும் நீலமாகும். அமோனியா நீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் வந்து நிற்கிறது. அது நீரை விட அதிகமாக நெருக்கும். படி உயர்கிறது, ஏறுவதற்குச் சக்தி கூடிய ஒளி வேண்டும். இப்போது விழுங்கப்படுவது மஞ்சள், செம்மஞ்சள் ஒளி. மிஞ்சுவது ஊதா கலந்த கடும் நீலம்.

செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் பச்சையாகிப் பிறகு மஞ்சளாகும். இங்கே கதை கொஞ்சம் வேறு. வந்து நிற்கும் குளோரைட்டு தன்னுடைய இலத்திரனையே செப்பின் வெறுமையான இடத்துக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறது. அதற்கு நீல, ஊதா ஒளி செலவாகிறது, மிஞ்சுவது மஞ்சள். பாதி செப்பு நீரோடும் பாதி குளோரைட்டோடும் இருக்கும்போது நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை. அதில் நிறையத் தண்ணீர் சேர்த்தால் திரும்ப நீலத்துக்கு வந்துவிடும்.

இவை எல்லாம் ஒரு வகை. செப்பு மாறவில்லை, சுற்றி நின்றவர்கள் மாறினார்கள்.

பிள்ளைகள் குழம்புவது இரண்டாவது வகையில். அங்கே செப்பே மாறுகிறது.

நீலக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வையுங்கள். ஆணியில் செம்மண் நிறத்தில் செப்புப் படியும். கரைசலின் நீலம் வெளிறிக்கொண்டே போகும். இரும்பு தன் இலத்திரன்களைச் செப்பு அயனுக்குக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் இறங்குகிறது. செப்பு உலோகமாகி வெளியே வருகிறது. நீலத்துக்குக் காரணமான அயன் குறைகிறது, நீலமும் குறைகிறது.

இன்னொன்று: செப்பு அயன் ஒரே ஒரு இலத்திரனை மட்டும் வாங்கினால் என்ன நடக்கும்? ஒன்பது பத்தாகும். பத்து இடமும் நிரம்பிவிடும். மேலே வெறுமை இல்லை, ஏறுவதற்கு இடமில்லை, அந்த நீலமும் இல்லை. நாகத்தைப் பாருங்கள். செப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரன். நாக அயனில் எப்போதும் பத்தும் நிரம்பியிருக்கும். நாக சல்பேற்றுக் கரைசல் வெறும் தண்ணீர் போல நிறமில்லாமல் இருப்பதன் காரணம் அதுதான். "செப்பு நீலம், நாகம் நிறமற்றது" என்று தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. ஒன்பது, பத்து என்ற இரண்டு எண்கள் போதும்.

இதற்கு அழகான சாட்சி நமது மீன் சந்தையில் இருக்கிறது. நண்டு, இறால், கணவாய். நமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு, ஆகவே சிவப்பு. அவற்றின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது செப்பு. ஒட்சிசன் இல்லாதபோது அந்தச் செப்பில் பத்தும் நிரம்பியிருக்கும், இரத்தம் நிறமில்லாமல் இருக்கும். ஒட்சிசன் வந்து ஒட்டும்போது செப்பு ஒரு இலத்திரனை விட்டுக்கொடுக்கிறது. ஒன்பதாகிறது, இரத்தம் நீலமாகிறது. சோதனைக் குழாயில் நாம் காட்டும் மாற்றத்தை கொட்டியாரக் குடாவில் ஒவ்வொரு நண்டும் தன் உடம்புக்குள் செய்துகொண்டிருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்.

இப்போது பெனடிக்ட் சோதனைக்கு வருகிறோம். இந்தப் பதிவை எழுதியதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

பெனடிக்ட் என்பவர் அமெரிக்க இரசாயனவியலாளர். நூறு வருடத்துக்கு மேலாக அவர் பெயரில் அந்த நீலக் கரைசல் இருக்கிறது. அதில் குளுக்கோசு போன்ற தாழ்த்தும் வெல்லத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் வெல்லம் செப்புக்கு இலத்திரனைக் கொடுக்கிறது. ஒன்பது பத்தாகிறது. நீலம் போய், அடியில் செப்பு ஒட்சைட்டு செங்கட்டி நிறத்தில் படிகிறது. அந்தத் திண்மம் நீலத்தையும் பச்சையையும் விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகிறது. வெல்லம் கொஞ்சமாக இருந்தால் பச்சை, கூடக் கூட மஞ்சள், செம்மஞ்சள், செங்கட்டி. இடையில் வரும் பச்சை புதிய சேர்வை அல்ல. மிச்சமிருக்கும் நீலமும் புதிதாக வந்த மஞ்சள் வீழ்படிவும் கலந்த தோற்றம்.

வீட்டுச் சீனிக் கரைசலில் இந்தச் சோதனையைச் செய்தால் நீலம் நீலமாகவே நிற்கும். பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். சீனி சுக்குரோசு, அது தாழ்த்தும் வெல்லம் அல்ல. ஐதான அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்து, பிறகு அமிலத்தை நடுநிலையாக்கிவிட்டுச் சோதித்தால் செங்கட்டி நிறம் வரும். அமிலம் சுக்குரோசை குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்துவிடுகிறது. நமது வயிற்றிலும் சீனிக்கு நடப்பது இந்தப் பிரிப்புத்தான், அங்கே அதைச் செய்வது நொதியம்.

நமது பெரியவர்களுக்கு இந்தச் சோதனை ஞாபகம் இருக்கும். இரத்தத்தைக் குத்திப் பார்க்கும் சின்னக் கருவி வருவதற்கு முந்திய காலத்தில், சிறுநீரில் சில துளிகளை இந்த நீலக் கரைசலில் விட்டுச் சூடாக்கித்தான் "சீனி வருத்தம்" இருக்கிறதா என்று பார்த்தார்கள். நிறம்தான் செய்தி சொன்னது.

அந்தப் பழக்கத்திலிருந்து ஒரு தவறான எண்ணம் இன்னும் நமது வீடுகளில் இருக்கிறது. "சிறுநீரில் சீனி இல்லை, அப்ப வருத்தம் இல்லை." இது பிழை. இரத்தத்தில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விடத் தொடங்கும். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே அது நீரிழிவின் அளவு. 100 இற்கும் 125 இற்கும் இடையில் இருந்தால் எச்சரிக்கை. அதாவது வருத்தம் வந்து, உள்ளே கண்ணையும் சிறுநீரகத்தையும் காலின் நரம்பையும் தின்றுகொண்டிருக்கும்போதும் கரைசல் நீலமாகவே நிற்கலாம். மறுபக்கம், பால் கொடுக்கும் தாய்மாரின் சிறுநீரில் பாலின் வெல்லம் வந்து வருத்தமில்லாமலே நிறம் மாறவும் கூடும். நிறத்தின் காரணம் தெரிந்தவர்தான் நிறத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று சொல்ல முடியும்.

ஆகவே உறவுகளே, நாற்பது தாண்டியவர்கள், குடும்பத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மார், இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நமது அரச வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள். நோன்பு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். மருந்து எடுப்பவர்கள் நோன்பு காலத்தில் மருந்தை எப்படி மாற்றுவது என்று வைத்தியரிடம் கேளுங்கள், தானாகக் குறைக்க வேண்டாம்.

இனிப் பாடசாலைப் பக்கம். இந்த நிறங்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்த பிள்ளை மறப்பதில்லை. ஆனால் பார்க்காமலே சாதாரண தரம் முடித்துப் போகும் பிள்ளைகள் நமது பிரதேசத்தில் இருக்கிறார்கள். 2006 ஆகஸ்ட் மாதம் ஊரே கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த நேரத்தில் பத்தாம், பதினோராம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பரிசோதனைகளைப் பார்த்தார்கள்? அவர்கள்தான் இன்று பெற்றோர். தாங்கள் பார்க்காததைத் தங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடம், மதில், கேற் என்று பேசுகிறோம். ஒரு தடவை, "இந்தத் தவணை பிள்ளைகள் எத்தனை பரிசோதனை செய்தார்கள்?" என்றும் கேளுங்கள். இந்தப் பதிவில் உள்ள பரிசோதனைகளுக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு டசின் சோதனைக் குழாய், ஒரு மதுசார விளக்கு, ஒரு போத்தல் செப்பு சல்பேற்று, வீட்டிலிருந்து ஆணியும் சீனியும். அமோனியாவும் அமிலமும் ஆசிரியர் கையில் மட்டும்.

ஒரு கண்டிப்பான சொல். செப்பு சல்பேற்று, நமது ஆட்கள் சொல்லும் மயில்துத்தம், நஞ்சு. நீலக் கல் போல அழகாக இருப்பதால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கப் பார்க்கும். வீட்டில் வைத்து விளையாட விட வேண்டாம். கழுவிய தண்ணீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம், மீன் குஞ்சுகளுக்குக் கொஞ்சமே போதும். ஆசிரியர் நிற்கும்போது மட்டும், கண்ணாடி போட்டு, கையைக் கழுவி.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு: நிறமாற்றம் என்று கேள்வி வந்தால் முதலில் உங்களிடமே ஒன்றைக் கேளுங்கள். இங்கே செப்பைச் சுற்றி நிற்பவர்கள் மாறினார்களா, அல்லது செப்பே இலத்திரனை வாங்கியதா? இந்த ஒரு கேள்வியில் அட்டவணையின் பாதி விளங்கிவிடும். கடைசியாக ஒரு கணக்கு உங்களுக்கு. ஸ்கண்டியம் அயனில் அந்த ஐந்து அறைகளும் முழு வெறுமை, ஒரு இலத்திரனும் இல்லை. அதன் கரைசலுக்கு நிறம் இருக்குமா? காரணத்தோடு எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வாருங்கள். விடை சரியோ பிழையோ, காரணம் எழுதி வரும் பிள்ளைக்கு நீலப் பளிங்கை வெள்ளையாக்கும் பரிசோதனையைத் தன் கையாலேயே செய்யக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.